வாசகர் கேள்வி–பதில்: விடுதி மெஸ்ஸுக்கு வளாகத்திலேயே கீரையும் கறிவேப்பிலையும்

பெங்களூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பல்கலைக்கழக, கல்லூரி விடுதிகளிலிருந்து தமிழ் வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பல, வளாகத்துக்குள்ளேயே தோட்டம் போட்டு அங்குள்ள உணவுக்கூடத்துக்குக் கீரையும் காய்கறியும் தருவது பற்றியவை. அவற்றுக்கான பதில்களை இம்முறை ஒன்றாகத் தருகிறோம். சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் விடுதி மெஸ்ஸில் 600 பேர் சாப்பிடுகிறோம். மெஸ்ஸுக்குப் பின்புறம் 10 குண்டா நிலம் சும்மா கிடக்கிறது; நிர்வாகம் அதைத் தருவதாகச் சொல்கிறது. காய்கறி முழுவதையும் நாமே விளைவித்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். முடியுமா?
— மெஸ் கமிட்டி உறுப்பினர், எலஹங்கா

முடியாது. ஆனால் அந்த நிலம் அதைவிடப் பயனுள்ள ஒரு வேலையைச் செய்யும்.

தலைக்குக் கால் கிலோ என்று வைத்தால் 600 பேருக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ காய்கறி வேண்டும். 10 குண்டா என்பது 25 சென்ட், ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். நடைபாதை, தண்ணீர்த்தொட்டி, உரக்குழி, கருவிக் கொட்டகை ஆகியவற்றுக்கு விட்டது போக, பயிர் நிற்கும் பாத்தியாக 650 சதுர மீட்டர் கிடைத்தால் நல்லது. பல காய்கறிகளையும் சேர்த்துச் சராசரியாக ஒரு போகத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ, வருடத்துக்கு மூன்று போகம் என்று வைத்துக்கொண்டால் மொத்த விளைச்சல் 3,900 கிலோ. அது உங்கள் மெஸ்ஸுக்கு 26 நாள் சமையலுக்குத்தான் வரும். வருடம் முழுவதும் உழைத்து ஒரு மாதத் தேவையைக்கூட நிறைவேற்ற முடியவில்லை என்றால், இரண்டாம் வருடம் யாரும் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். ஹாசன் உருளைக்கிழங்கோடும் கோலார் தக்காளியோடும் போட்டியிடும் வேலை உங்கள் 10 குண்டாவுக்கு வேண்டாம். அவை கலாசிப்பாளையம் சந்தைக்கு லாரி லாரியாக வருகின்றன, இரண்டு நாள் இருந்தாலும் கெடுவதில்லை.

அன்றாடம் சிறிதளவே தேவைப்படுபவை, வரும் வழியிலேயே வாடுபவை, வாசனைக்காகவே சேர்க்கப்படுபவை என்று வேறொரு வகை இருக்கிறது. கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, கீரை ஆகியவை அந்த வகை. இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அதே 650 சதுர மீட்டரில் உங்கள் மெஸ்ஸின் தேவை முழுவதும் அடங்கிவிடும்.

கறிவேப்பிலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் நிலையான பயிர். நன்றாக வேரூன்றிய செடியை இடுப்பளவுக்குக் கவாத்து செய்து புதராக வளர்த்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டலாம். ஒரு வெட்டுக்கு அரைக் கிலோ என்று குறைவாகவே கணக்கிட்டு 90 செடிகள் நடுங்கள். தினம் ஒரு செடியை வெட்டிக்கொண்டே போனால், தொண்ணூறாவது நாள் கடைசிச் செடியை முடித்து மறுநாள் முதல் செடிக்குத் திரும்பும்போது அது துளிர்த்து நிற்கும். தினம் அரைக் கிலோ இலை 600 பேரின் தாளிப்புக்குப் போதும். நான்கடிக்கு மேல் இடைவெளி விட்டு நட்டால் இதற்கு 160 சதுர மீட்டர் ஆகும். முதல் வருடத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தின் டிடபிள்யூடி-1, டிடபிள்யூடி-2 ஆகிய ரகங்களும் நம் ஊர்ச் செங்காம்பு ரகமும் மணத்துக்குப் பெயர் பெற்றவை.

கொத்தமல்லி நாளொன்றுக்கு 2 கிலோ வேண்டும் என்றால், சதுர மீட்டருக்கு 600 கிராம் வீதம், தினம் மூன்றரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக அறுவடை செய்ய வேண்டும். விதைத்ததிலிருந்து அறுவடையும் பாத்தியைத் திருப்புவதுமாக 50 நாள் சுற்று. ஆகவே 165 சதுர மீட்டர். வாரம் இருமுறை புதினாச் சட்னிக்கு மொத்தம் 10 கிலோ என்றால், 40 நாளுக்கு ஒருமுறை வெட்டும் புதினாவுக்கு 60 சதுர மீட்டர் போதும். வாரம் ஒருநாள் எல்லோருக்கும் கீரை என்றால், தலைக்கு 100 கிராம் வீதம் 60 கிலோ. அதற்கு 50 சதுர மீட்டர் பாத்தி ஒன்று. வாரத்துக்கு ஒரு பாத்தியாக ஐந்து பாத்திகள் என்றால் 250 சதுர மீட்டர். நான்கையும் கூட்டினால் 635 வருகிறது. வேலியோரம் பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம்-1 முருங்கையைப் பத்துப் பதினைந்து வையுங்கள். விதை ஊன்றிய ஆறாவது மாதத்தில் காய்க்கத் தொடங்கிவிடும், இலையும் கிடைக்கும்.

கேள்வி: நான் ஒரு மாணவர் விடுதியில் தலைமைச் சமையல்காரன். சொந்த ஊர் திருப்பத்தூர். மாணவர்கள் ஆசையாகத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் திடீரென்று ஒருநாள் ஐந்து கூடை முள்ளங்கியைக் கொண்டுவந்து இன்றைக்கே செய்யுங்கள் என்கிறார்கள், அடுத்த மூன்று வாரம் ஒன்றும் வருவதில்லை. மண்ணோடு வரும் கீரையை ஆய்வதற்கே இரண்டு பேரை ஒதுக்க வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
— விடுதிச் சமையல்காரர், ராஜராஜேஸ்வரி நகர்

ஐயா, இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் மிக முக்கியமானது உங்களுடையதுதான். வளாகத் தோட்டத்தின் வெற்றி தோல்வி மண்ணில் முடிவாவதைவிட, உங்கள் அடுப்பங்கரையில்தான் அதிகம் முடிவாகிறது. எதை விதைப்பது என்பதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் சமைப்பவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தோட்டத்துக்கு ஏற்ற சமையல் என்று தொடங்கினால் நீங்கள் சொல்லும் ஐந்து கூடை முள்ளங்கியில்தான் போய் நிற்கும். சமையலுக்கு ஏற்ற தோட்டம் என்று தொடங்க வேண்டும்.

உங்கள் மெஸ்ஸின் வாராந்தர உணவுப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வேளைக்கும் எந்த இலை எத்தனை கிலோ செலவாகிறது என்பதை ஒரு மாதம் எழுதிவையுங்கள். அந்தத் தாள்தான் தோட்டத்தின் திட்டம். வியாழக்கிழமை கீரைக்கூட்டு என்றால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு கீரைப் பாத்தி விதைக்கப்பட வேண்டும். ஐந்தாவது வியாழக்கிழமை முதல் பாத்தி வெட்டுக்கு வந்துவிடும். அன்றைக்கே அது காலியாகி, உரமிட்டு, மறுபடியும் விதைக்கப்படும். முள்ளங்கி முழுவதையும் ஒரே நாளில் விதைப்பதால்தான் ஒரே நாளில் உங்கள் தலையில் வந்து விழுகிறது. அவர்களிடம் கோபப்பட வேண்டாம். விதைக்கும் தேதியை உங்கள் நாட்காட்டியோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள்.

மண் பிரச்சினைக்கு ஒரு தீர்வு பயிரிலேயே இருக்கிறது. வேரோடு பிடுங்கும் கீரைக்குப் பதிலாக வெட்டி எடுக்கும் கீரையை விதைக்கச் சொல்லுங்கள். ஹெசரகட்டாவில் 1967-இல் தொடங்கப்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பலமுறை வெட்டுவதற்கென்றே ரகங்களைத் தந்திருக்கிறது: தண்டுக்கீரை வகையில் அர்கா சுகுணா, பாலக்கில் அர்கா அனுபமா, கொத்தமல்லியில் அர்கா ஈஷா. கீரைகளில் விதைத்த 25 முதல் 30 நாளில் முதல் வெட்டு. தரையிலிருந்து நான்கு விரல் உயரம் விட்டு அரிவாளால் அறுத்தால் வேரும் மண்ணும் தோட்டத்திலேயே தங்கிவிடும்; அடியில் மஞ்சளாகிப்போன இலைகளும் உங்கள் கூடைக்கு வராது. பாத்தியில் மண்மேல் சருகு மூடாக்குப் போட்டிருந்தால் மழை அடிக்கும்போது இலைமேல் சேறு தெறிப்பதும் குறையும். அறுத்த கீரை தோட்டத்திலேயே ஒருமுறை அலசப்பட்டு, எடை போடப்பட்டு, கிலோ எழுதிய சீட்டோடுதான் சமையற்கூடத்துக்குள் வர வேண்டும் என்று விதி வையுங்கள். இதைக் கேட்பது உங்கள் உரிமை. கீரை ஆய்வது எவ்வளவு பெரிய வேலை என்பது, 60 கிலோ கீரையின் முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வாரம் ஒருநாள் மாணவர்களில் பத்துப் பேர் வந்து உடன் உட்காரட்டும்.

நேரமும் முக்கியம். காலை இட்லிக்குச் சட்னி அரைக்கும் வேளையில் புதினாவைத் தேடி யாரும் இருட்டில் தோட்டத்துக்குப் போக முடியாது. புதினாவையும் கொத்தமல்லியையும் முந்தைய நாள் மாலை வெயில் தாழ்ந்த பிறகு வெட்டி, தண்டின் அடி மட்டும் தண்ணீரில் நிற்கும்படி வாளியில் வைத்து, மேலே ஈரத்துணி மூடிவையுங்கள். பெங்களூரின் இரவுக் குளிர்ச்சிக்கு மறுநாள் காலை அப்போதே பறித்தது போல இருக்கும். மதியத்துக்கான கீரையை மட்டும் விடியற்காலையில் அறுக்கலாம். கறிவேப்பிலையை இணுக்கோடு வைத்துக்கொண்டு, தாளிக்கும்போது உருவுவதே நல்லது. உருவி வைத்த இலை சீக்கிரம் கறுத்துவிடும்.

மழையில் ஒரு பாத்தி போய்விட்டால் என்ன செய்வது என்று நீங்கள் யோசிப்பீர்கள். முன் சொன்ன அர்கா ரகங்களில் வெட்டிய பாத்தி பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடியும் தழைக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு பழைய பாத்தியைத் திருப்பாமல் இருப்பாக விட்டுவைத்தால் அந்த வாரம் தப்பிக்கலாம். அதுவும் இல்லையென்றால் சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைக்குள் தோட்டம் அளவைச் சொல்லிவிட வேண்டும், குறைவதை மட்டும் வெளியில் வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தால் உங்களுக்கும் நிம்மதி, அவர்களுக்கும் பொறுப்பு.

கேள்வி: கொத்தமல்லி விதைத்தால் பாதி முளைப்பதில்லை, முளைத்ததும் மார்ச் மாதத்தில் ஒரு சாண் உயரத்திலேயே பூத்துவிடுகிறது. எங்கள் மாடித் தோட்டத்திலும் கல்லூரித் தோட்டத்திலும் இதே கதை.
— மாணவி, கெங்கேரி

கடையில் வாங்கும் முழுத் தனியா ஒவ்வொன்றிலும் இரண்டு விதைகள் ஒட்டியிருக்கின்றன. செருப்பாலோ கட்டையாலோ மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, நிழலில் நீர் வடித்து விதையுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு நாளில் முளைக்கும். அதுவரை மேல்மண் காயக் கூடாது. நம் செம்மண் காய்ந்தால் மேலே ஓடாக இறுகி முளையைத் தடுத்துவிடும் என்பதால், சலித்த மட்கு உரத்தை மெல்லிய போர்வையாகத் தூவுங்கள். நாற்று விட்டுப் பிடுங்கி நடும் வேலை வேண்டாம். வேர் அசைந்தாலே அது பூக்கப் பார்க்கும்.

சீக்கிரம் பூப்பதற்குக் காரணம் வெப்பமும் நீளும் பகலும். பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நமக்கு அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை கொத்தமல்லிக்கு ஏற்ற காலம். மார்ச், ஏப்ரலில் வெயில் 33, 34 டிகிரியைத் தொடும்போது பாதி நிழல் தரும் பச்சை வலை கட்டினாலொழிய நிற்காது. வலை கட்டினாலும் கோடையில் பாத்திகளைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் வெயிலுக்கு அஞ்சாத தண்டுக்கீரையையும் பசலையையும் வையுங்கள். வெந்தயக்கீரையும் நம் ஊர்க்காரர்கள் விரும்பும் சப்பசிகே என்னும் சதகுப்பைக் கீரையும் குளிர்மாதங்களுக்கு உரியவை. சப்பசிகே ஒரு பாத்தி இருந்தால், அதை அரிசி ரொட்டி மாவில் பிசைந்து தட்டிப் போடும் நாளில் மெஸ்ஸில் தட்டு எதுவும் மிச்சத்தோடு திரும்பாது.

கேள்வி: எங்கள் வளாகத்தில் கோடையில் குளிக்கவே டேங்கர் வாங்குகிறோம். இதில் தோட்டத்துக்கு ஏது தண்ணீர்? கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீரைக் கீரைக்குப் பாய்ச்சலாமா?
— விடுதிக் காப்பாளர், ஒயிட்ஃபீல்டு

2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்துவதைத் தடைசெய்து 5,000 ரூபாய் அபராதமும் அறிவித்த நாட்களை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். உங்கள் தயக்கம் நியாயமானது. அதனால் காவிரி நீரையும் டேங்கர் நீரையும் ஒதுக்கிவிட்டே கணக்குப் போடுவோம்.

பெங்களூரில் வருடத்துக்குச் சராசரியாக 950 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 500 சதுர மீட்டர் மொட்டைமாடி உள்ள விடுதிக் கட்டடத்தில், வழிந்து வீணாவதை ஐந்தில் ஒரு பங்கு என்று கழித்தாலும் 3,80,000 லிட்டர் வரும். 400 சதுர மீட்டர் கீரைப் பாத்திக்குச் சொட்டுநீரும் மூடாக்கும் இருந்தால் மழையில்லாத நாளில் சுமார் 1,600 லிட்டர் ஆகும். ஜூன் முதல் நவம்பர் வரை மழையே பாதி வேலையைச் செய்துவிடுவதால், நெருக்கடி டிசம்பரிலிருந்து மே வரைதான். அந்த ஆறு மாதத்துக்கும் முழுமையாகச் சேமிக்கும் அளவுக்குப் பெரிய தொட்டி கட்டுவது செலவு. 50,000 லிட்டர் தொட்டி ஒரு மாதத்துக்குத்தான் வரும். ஆகவே கோடையில் தோட்டத்தின் பரப்பைச் சுருக்குவதே நேர்மையான வழி. கறிவேப்பிலையையும் முருங்கையையும் காப்பாற்றிக்கொண்டு, கீரைப் பாத்திகளில் இரண்டை மட்டும் ஓட்டுங்கள்.

சுத்திகரித்த நீரைப் பொறுத்தவரை, பச்சையாக உண்ணும் எதற்கும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அத்தகைய பயிர்களுக்குப் பாய்ச்சும் நீரில் மலக் கோலிஃபார்ம் கிருமிகள் 100 மில்லிலிட்டருக்கு 1,000-க்கு மேல் இருக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1989-இல் அளவு வகுத்தது. விடுதிச் சுத்திகரிப்பு நிலையம் ஒவ்வொரு நாளும் அந்தத் தரத்தில் ஓடுகிறது என்று உறுதி சொல்லும் அளவுக்கு நம்மில் பலர் பரிசோதனை செய்வதில்லை. கொத்தமல்லியைக் கடைசியில் பச்சையாகத்தான் தூவுகிறோம். புதினாச் சட்னியும் முழுதாக வேகாதது. முருங்கை, வாழை, பப்பாளி போன்ற மரங்களின் வேருக்கு மட்டும், இலையிலும் காயிலும் படாமல் சுத்திகரித்த நீரை விடலாம். சோப்பு நீரிலிருந்து வரும் சோடியம் நாளடைவில் மண்ணை இறுக்கும் என்பதால் மழைக்காலத்தில் நல்ல நீரால் அந்த மண் நன்றாகக் கழுவப்பட வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரிலும் உப்பு செறிந்திருக்கும். அதுவும் கீரைக்கு ஆகாது, தரை கழுவ வையுங்கள்.

கேள்வி: குரங்குகள் எதையும் விட்டுவைப்பதில்லை. வழி உண்டா?
— உதவிப் பேராசிரியர், மல்லேஸ்வரம்

தக்காளி, கத்தரி, மக்காச்சோளம் ஆகியவற்றைத் திறந்தவெளியில் வைக்காதீர்கள். புதினா, சப்பசிகே, கறிவேப்பிலை போன்ற கடும் மணப் பயிர்களை அவை பெரும்பாலும் தொடுவதில்லை. மெஸ் எச்சிலை மூடிவைப்பது வேலியைவிட அதிகம் உதவும்.

கேள்வி: மெஸ்ஸில் மிஞ்சும் சோறு, சாம்பார் எல்லாவற்றையும் உரமாக்கித் தோட்டத்துக்கே போட முடியுமா?
— மாணவர், ஜாலஹள்ளி

காய்கறித் தோல், கீரைத்தண்டு, தேங்காய் நார், டீத்தூள் ஆகியவற்றைத் தாராளமாகப் போடலாம். சமைத்த மிச்சத்தில் எண்ணெயும் உப்பும் இருப்பதால் அதைத் தனியாகக் கையாள வேண்டும். நீரை வடித்துவிட்டு, மொத்தத்தில் சிறு பங்காகச் சருகோடு கலந்தால் நாற்றமும் ஈயும் வராது. ஈரக்கழிவு ஒரு கூடை என்றால் காய்ந்த சருகு இரண்டு அல்லது மூன்று கூடை. நம் வளாகங்களில் தூங்குமூஞ்சி மரங்களும் குல்மோகரும் உதிர்க்கும் இலைக்குப் பஞ்சமே இல்லை. அதைக் கூட்டிக் கொளுத்துவதைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்தச் சருகை பிப்ரவரி, மார்ச்சில் சாக்குகளில் கட்டி வருடம் முழுவதற்கும் சேர்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

குவியலின் நடுவில் 55 டிகிரி வெப்பம் சில நாள் நீடித்து, இரண்டு மூன்று முறை புரட்டப்பட்டால் கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும். கைவிட்டால் சூடு இல்லாமல், காட்டு மண் வாசனை வரும்போதுதான் பாத்திக்குப் போக வேண்டும். அதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். நாள் ஒன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தரும் பல்கலைக்கழகங்களையும் விடுதிகளையும் மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே பெருங்கழிவு உற்பத்தியாளர்கள் பட்டியலில் சேர்த்து, ஈரக்கழிவை இயன்றவரை வளாகத்திலேயே கையாளச் சொல்லிவிட்டன. 600 பேர் சாப்பிடும் இடம் அந்த அளவை எளிதில் தாண்டும். உரக்குழிக்கு நிர்வாகத்திடம் பணம் கேட்கும்போது இதைச் சுட்டிக்காட்டுங்கள்.

கேள்வி: என் மகள் படிக்கும் கல்லூரியில் தோட்டத்துக் கீரை போடுகிறார்களாம். மருந்து அடித்ததா, எந்த மண்ணில் வளர்ந்தது என்றெல்லாம் யாரைக் கேட்பது? பாதுகாப்பானதுதானா?
— ஒரு தாய், அல்சூர்

நீங்கள் கேட்க வேண்டியவை நான்கு, அம்மா. அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது? பழைய கட்டடத்தை இடித்துக் கொட்டிய இடமென்றால் பெயின்ட்டிலிருந்து ஈயம் கலந்திருக்கக்கூடும். மண்ணைச் சோதிக்காமல் கீரை போடக் கூடாது, வேறு மண் கொட்டிய உயர்ந்த பாத்திகளே தகும். தண்ணீர் எங்கிருந்து? இதற்கான பதிலை மேலே எழுதியிருக்கிறேன். பச்சைச் சாணத்தை நேரடியாகப் போடுகிறார்களா? மட்கிய பிறகே போட வேண்டும். பூச்சிக்கு என்ன தெளிக்கிறார்கள்? லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டிய கரைசல் போதும் என்று அவர்கள் சொன்னால் மகிழ்ச்சியடையுங்கள். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வெளிச்சந்தையில் மருந்து அதிகம் தெளிக்கப்படும் பயிர்கள் என்பதால், முறையாக நடத்தப்படும் வளாகத் தோட்டம் உங்கள் கவலையைக் குறைக்கவே செய்யும். கழுவுவதை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது.

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உணவுக்கூடத்துக்கு அருகிலேயே, மண்ணில்லாமல் விளக்கொளியில் மூலிகைகளை வளர்க்கிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். நாமும் அப்படிச் செய்யலாமே?
— ஓய்வுபெற்ற பொறியாளர், காக்ஸ் டவுன்

அங்கே அதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் வளாகத்தில் ஆலன் சாட்விக் 1967-இல் மாணவர்களோடு தோட்டம் தொடங்கினார். டேவிஸில் மாணவர் பண்ணை 1977-இல் வந்தது. கிழக்கே யேல் பல்கலைக்கழகப் பண்ணை 2003-இல் அமைந்தது. இவையெல்லாம் மண்ணில் போட்ட தோட்டங்கள்தாம். ஆனால் யேல் இருக்கும் நியூ ஹேவன் போன்ற ஊர்களில் விளைச்சல் குவியும் ஜூன், ஜூலை மாதங்களில் மாணவர்கள் விடுமுறையில் இருப்பார்கள். அவர்கள் வகுப்பில் இருக்கும் மாதங்களில் பெரும்பகுதி வெளியே உறைபனி. பனிக்காலத்திலும் துளசி வகைகளும் சாலட் இலைகளும் வேண்டுமானால் விளக்கும் சூடேற்றிய அறையும் தேவைப்படுகின்றன.

நம் நிலை நேர் எதிரானது. ஆகஸ்ட் முதல் நவம்பர், ஜனவரி முதல் ஏப்ரல் என்று நம் பருவங்கள் நடக்கும்போதுதான் தோட்டமும் நன்றாக விளைகிறது. வெயிலும் மண்ணும் இலவசமாகக் கிடைக்கும் ஊரில் மின்சார விளக்கில் கொத்தமல்லி வளர்ப்பது, பொறியியல் மாணவர்கள் கற்றுக்கொள்ள ஒரு சிறு அலமாரி அளவுக்கு இருந்தால் போதும். மெஸ்ஸுக்கு வழி அதுவல்ல. நீரை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மையான நன்மை. அந்த நன்மையில் பெரும்பகுதியைச் சொட்டுநீரும் மூடாக்கும் மிகக் குறைந்த செலவில் தருகின்றன.

கேள்வி: மார்கழி, தை வந்தால் மெஸ்ஸில் அவரைக்காய் கேட்கிறார்கள். பிதுக்கம் பருப்புக் குழம்புக்கு நாமே விளைவிக்க முடியாதா?
— மாணவர், ஹெப்பால்

பிதுக்கிய பருப்புக்கு மலைபோல் காய் வேண்டும். அதை வாங்கிக்கொள்வதே மேல். ஆசைக்கு ஒரு பாத்தி போடுங்கள். நாட்டு அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும் என்பதால் ஆடி, ஆவணியில் விதைக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய ஹெப்பால் அவரை-3, ஹெப்பால் அவரை-4 ஆகிய வேளாண் பல்கலைக்கழக ரகங்கள் எந்தக் காலத்தில் விதைத்தாலும் காய்க்கும். மணம் மட்டும் பனிக்காலக் காய்க்கே உரியது.

கேள்வி: தோட்டச் செலவை யார் ஏற்பது? மே, ஜூன் விடுமுறையில் மாணவர்கள் போய்விட்டால் எல்லாம் காய்ந்துவிடுகிறது. இரண்டு வருடமாக ஜூலையில் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறோம்.
— தோட்டக்குழு ஒருங்கிணைப்பாளர், ஞானபாரதி

மெஸ் கணக்கு தோட்டத்துக்குக் காசு கொடுத்தே வாங்க வேண்டும். இலவசமாகத் தந்தால் அந்த உழைப்பின் மதிப்பு எந்த ஏட்டிலும் ஏறாது, அடுத்த வருடம் நிர்வாகத்திடம் காட்ட எண்ணும் இருக்காது. விலையை எப்படி வைப்பது என்ற சண்டைக்கும் இடமில்லை: 1959-இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாகத் தொடங்கிய ஹாப்காம்ஸ் இன்று காய்கறி, கீரை எல்லாவற்றுக்கும் அன்றாட விலைப்பட்டியல் வெளியிடுகிறது. அந்த நாளின் ஹாப்காம்ஸ் விலையே உங்கள் விலை. அந்த வருமானத்திலிருந்து முழுநேரத் தோட்டப் பணியாளர் ஒருவரின் சம்பளத்தில் ஒரு பங்கையாவது கொடுக்க முடியும். மீதியை நிர்வாகம் தரட்டும். மாணவர்களை மட்டும் நம்பிய தோட்டம் தேர்வு வாரத்திலேயே வாடிவிடும். பொங்கல், உகாதி, தசரா விடுமுறைகளில் மிஞ்சுவதை ஊழியர் குடியிருப்பில் அதே விலைக்கு விற்கலாம்.

விடுமுறைக்கு ஒரு பயிர்த்திட்டம் உண்டு. ஏப்ரல் கடைசியில் கீரைப் பாத்திகளைக் காலிசெய்து, மே முதல் வாரக் கோடைமழையில் சணப்பு அல்லது தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரப்பயிரை விதைத்துவிடுங்கள். மழை தவறினால் முளைக்கும் வரை மட்டும் தண்ணீர் விட வேண்டும். பிறகு அது தானே வளரும். 45 நாளில், பூக்கத் தொடங்கும் தறுவாயில், ஜூன் பாதியில் வெட்டி மண்ணிலேயே மடக்கிப் போட்டு, இரண்டு வாரம் மட்கவிட்டால், மாணவர்கள் திரும்பும் ஜூலையில் தழைச்சத்து ஏறிய மண் தயாராக இருக்கும். அதில் முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று பாத்திகளை வரிசையாக விதைக்கத் தொடங்குங்கள். விடுமுறையில் பணியாளருக்கு மிஞ்சுவது கறிவேப்பிலை மட்டும்தான்: 90 செடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், செடிக்கு 5 லிட்டர் வீதம் 450 லிட்டர். அதையும் சொட்டுநீர்க் குழாயில் விட்டுவிட்டால் அவருக்குக் கால்மணி நேர வேலை. மே மாதக் கடைசியில் எல்லாச் செடிகளையும் ஒருமுறை கவாத்து செய்து, அடியில் மட்கு உரம் வைத்துவிடச் சொல்லுங்கள்.